துள்ளலோசை: சரவணை ஒழுங்கைகளில் ஒரு யாப்பியல் ஆராய்ச்சி

தொல்காப்பியர் கார் ஓடியவர் அல்லர். ஓடியிருந்தால் செய்யுளியலுக்குப் பிறகு வண்டியியல் என்று ஓர் இயல் எழுதி, யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதியை அப்போதே தீர்த்து வைத்திருப்பார். ஆனாலும் முழுக்கக் கைவிட்டார் என்று சொல்ல முடியாது. பாவின் ஓசை நான்கு என்று அவரும் அவருக்குப் பின்வந்த யாப்பிலக்கணக்காரரும் வகுத்து வைத்தார்கள்: வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். மேடுபள்ளத்தில் போகிற வாகனம் படுகிற பாடெல்லாம் இந்த நான்குக்குள் அடங்கிவிடும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இவற்றுள் துள்ளலே இங்கே விரிவாக ஆராயப்படுகிறது. மற்ற மூன்றுள் செப்பலுக்கு மருந்தே வேண்டியதில்லை, அகவலுக்கு அன்றைக்காவது சத்தம் நிற்கிறது, தூங்கலுக்குச் சரியான மருந்தே கிடைக்கிறது. துள்ளலுக்கோ நோயைக் கூட்டுகிற மருந்தே பெரும்பாலும் கொடுக்கப்படுகிறது.

ஆய்வுக்களமாகத் தெரிவானது சரவணை. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியை விட்டு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் தாண்டி வேலணைக்கு வரவேண்டும். நயினாதீவுக்குப் போகிற கூட்டம் புங்குடுதீவுப் பக்கம் திரும்பிக் குறிகட்டுவானுக்கு ஓடும். திரும்பாமல் ஊர்காவற்றுறைப் பக்கமாக நகர்ந்தால் வருகிற ஊர் சரவணை. ஒல்லாந்தர் சரவணை இருக்கும் வேலணைத் தீவுக்குத் தங்கள் ஊரின் நினைவாக லைடன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அசல் லைடனில் 1575இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. இந்த லைடனில் அதற்குப் பதிலாக நிழல்மரமும், இரண்டு ஜாக்கும், ஒரு ஸ்பனர் பெட்டியும், சுற்றிநின்று அபிப்பிராயம் சொல்ல ஏழெட்டுப் பேரும் உண்டு. ஆய்வுக்கு இவ்வளவும் போதும்.

தகுதி பற்றி யாரும் ஐயுற வேண்டாம். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டுவதில் முன்னின்ற தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்தது இதே தீவின் கரம்பொன்னில். தீவான் ஒருவன் ஆராய்ச்சி செய்கிறான் என்றால் யாழ்ப்பாணத்தார் சிரிப்பதற்கு முன் ஒரு கணம் யோசிப்பது நல்லது.

களத்தின் இயல்பைச் சற்றே விரிக்க வேண்டும். தீவகத்தின் தரை சுண்ணாம்புக்கல். அதன்மேல் எங்காவது செம்மண், எங்காவது வெண்மணல். போருக்குப் பிறகு பிரதான வீதிகள் பலவற்றுக்குக் காபெற் போட்டார்கள். ஒழுங்கை ஒழுங்கையாகவே இருக்கிறது. மாரி மழை மண்ணைக் கழுவிக்கொண்டு போன பிறகு கல் தலைநீட்டும். கல் இல்லாத இடத்தில் கிடங்கு விழும். இவை எல்லாவற்றையும் விட ஆய்வாளனுக்கு உதவுவது மதகு. மதகைக் கொங்கிறீற்றால் கட்டுகிறார்கள், அதன் இருபுறமும் மண்ணை நிரப்புகிறார்கள். வருடங்கள் போகப் போக மண் இறங்கும், மதகு இறங்காது. காபெற் வீதியிலும் இது நடக்கும். அறுபதில் வருகிற வாகனம் மதகைக் கண்டு முப்பதுக்கு வராவிட்டால், அதன் ஷொக் அப்சோபர் பற்றிய உண்மை முழுவதும் அடுத்த மூன்று விநாடிக்குள் வெளிவந்துவிடும். பரிசோதனைக் கூடத்தில் கோடி கொடுத்து வாங்குகிற கருவியை இங்கே வீதியே இலவசமாகத் தருகிறது.

பிறகு கடற்காற்று. நாலுபுறமும் கடல், நடுவே தட்டையான நிலம். உப்புக்குத் தடையே இல்லை. வாகனத்தின் அடிப்பாகத்தில் இரும்பு எங்கெல்லாம் இரும்போடு உரசுகிறதோ அங்கெல்லாம் துரு ஏறும். துருவின் கதையைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் பழிபோடும் மரபைப் பார்க்கலாம். கோயில் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வான் பிடித்துக்கொண்டு ஊருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது மதகில் பின்சீட்டிலிருந்து குரல் வரும்.

"அண்ணை, வான் ஏன் உப்பிடித் துள்ளுது?"

"அது றோட்டுப் பிழை, தங்கச்சி."

அதே வான் அடுத்த கிழமை கராச்சுக்குப் போகும். அங்கே றோட்டுப் பிழை ஆட்பிழையாக மாறும். "ஆக்களைக் கூட ஏத்துறியள், அதுதான். பின் ஸ்பிறிங்கில ஒரு பிளேட் கூடப் போட்டாச் சரிவரும்." பயணி வாகனத்தைக் குறை சொல்ல, சாரதி வீதியைச் சொல்ல, மெக்கானிக் பயணியைச் சொல்ல, குற்றப்பத்திரிகை வட்டமாகச் சுற்றி வந்து நிற்கும். எண்ணெய் கசிந்து புழுதி அப்பி அச்சுக்குப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிற ஷொக்கை இதற்கிடையில் ஒருவரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். இந்த ஆய்வு எழுதப்படுவதற்கு அதுவே காரணம்.

இனி ஓசைகள். செப்பலோசை என்பது ஒருவர் வினவ ஒருவர் விடை சொல்வதை ஒத்தது என்பார்கள். நலமாக உள்ள வாகனம் அப்படித்தான். கிடங்கு ஒரு கேள்வி கேட்கும். வாகனம் ஒருமுறை தாழ்ந்து எழும்பி விடை சொல்லும். பேச்சு அத்தோடு முடிந்தது.

அகவல் மயிலின் குரல். கிடங்கில் இறங்கும்போதும் ஏறும்போதும் அடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் அது ஆசிரியப்பா. ஸ்பிறிங் கண்ணில் இருக்கிற றப்பர் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையில் துருப் பிடித்திருக்கும். ஊரில் இதற்குச் செய்வது கழிவு ஒயிலைத் தூரிகையால் அடிப்பது. சத்தம் அன்றைக்கே நிற்கும். ஆனால் ஒயில் பட்ட றப்பர் ஊறி இளகிவிடும். சில மாதத்தில் புஷ் முழுதாய்ப் போய், கீச் என்றது டக் என்று கேட்கும். பிளேட்டுகளைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்து, இடையில் கிறீஸ் பூசிப் பூட்டுவதே முறை. அரைநாள் வேலை என்பதால் ஒருவரும் விரும்புவதில்லை.

தூங்கல் என்றால் இங்கே நித்திரை அல்ல, தொங்கி அசைதல். பின்பக்கம் இறங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்த்து, தலையும் வாலும் மாறி மாறி ஆடிக்கொண்டு போகிற வாகனம் வஞ்சிப்பா. இந்த ஆட்டத்தை முறையாக ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் மோறிஸ் ஒலி. றோல்ஸ் றொய்ஸில் வேலை செய்து, பிறகு 1930களில் ஜெனரல் மோட்டோர்ஸில் இந்தத் துறையையே வளர்த்தவர். முன்சில்லு முதலில் மேட்டில் ஏறுகிறது, பின்சில்லு சற்றுப் பிந்தி ஏறுகிறது. ஆகவே பின் ஸ்பிறிங் முன் ஸ்பிறிங்கை விடக் கொஞ்சம் விரைவாக ஆடினால், பிந்தி ஏறியது முந்தியதை எட்டிப் பிடித்து, தலையாட்டல் அடங்கி, வாகனம் முழுவதும் மட்டமாக ஏறி இறங்கும். ஒலியின் இந்த விதி இன்றைக்கும் கார் வடிவமைப்பவர்களுக்குப் பாடம். பின் ஸ்பிறிங் களைத்துத் தொய்ந்த வாகனத்தில் பின்பக்கம் அந்த எட்டிப் பிடிக்கும் வேலையைச் செய்வதில்லை. தலையும் வாலும் ஊஞ்சலாடும். இதற்கு மருந்து புதுப் பிளேட்தான். அங்கே மெக்கானிக் சொல்வது சரி.

எஞ்சியது துள்ளல். கன்று துள்ளுவதை இதற்கு உவமை சொன்னார்கள் உரைகாரர்கள். கன்றுக்குத் துள்ளக் காரணம் வேண்டியதில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. மதகு எப்போதோ கடந்து போயிருக்கும், வீதி மேசை மாதிரி இருக்கும், வாகனம் இன்னும் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருக்கும். மேட்டில் குதிப்பது வீதியின் குற்றம். மேடு முடிந்த பிறகும் குதிப்பது வாகனத்தின் குற்றம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் நோய் பாதி கண்டுபிடித்தாயிற்று.

துள்ளல் ஏன் நிகழ்கிறது என்பதற்கு இங்கிலாந்துவரை போகவேண்டும். றொபேட் ஹூக் என்பவர் ஸ்பிறிங்கின் விதியைக் கண்டுபிடித்து, வேறொருவர் தட்டிப் பறித்துவிடுவாரோ என்ற பயத்தில், 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக அச்சிட்டார். விடையை வெளியிட்டது 1678இல்: நீட்சி எவ்வளவோ விசை அவ்வளவு. நம்மவர்கள் மாலைமாற்றும் நாகபந்தமும் பாடிப் பொழுதை வீணாக்கினார்கள் என்று எள்ளுகிறவர்கள் இதைக் கவனிக்க. ஹூக்கின் விதிப்படி ஸ்பிறிங் ஒரு கண்டிப்பான கடன்காரன். வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும், தானாக எதையும் வைத்துக்கொள்ளாது. மதகு கொடுத்த உதையை வாங்கி, மேலே எறியும். மேலே போனது கீழே வரும், மறுபடியும் எறியும். இந்தக் கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதற்கு இடையில் ஒருவர் தரகு எடுக்க வேண்டும். அந்தத் தரகர்தான் ஷொக் அப்சோபர். குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகள். எண்ணெய் அந்தத் துளைகளால் நெருங்கிப் போக, ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடும்.

கணக்கு வேண்டுவோருக்குக் கணக்கு. வாகனத்தின் எடையால் ஸ்பிறிங் எத்தனை சென்ரிமீற்றர் இறங்கி நிற்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5ஐப் பிரித்தால், விநாடிக்கு எத்தனை தரம் வாகனம் ஆடும் என்பது ஏறத்தாழ வந்துவிடும். 25 சென்ரிமீற்றர் இறங்கினால் விநாடிக்கு ஒரு தரம். 16 இறங்கினால் ஒன்றேகால் தரம். நல்ல கார்கள் இந்த எல்லையை ஒட்டியே ஆடும். ஆடுவது குற்றமல்ல, எத்தனை தரம் ஆடிவிட்டு அடங்குகிறது என்பதே கேள்வி. ஷொக் நலமாக இருக்கும்போது 10 சென்ரிமீற்றர் எழும்பிய வாகனம் அடுத்த சுற்றில் ஒன்றரைக்கும் குறைவாக எழும்பும், அதற்கு அடுத்தது கண்ணுக்கே தெரியாது. ஷொக்கின் வலு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தால் 10க்குப் பிறகு 7.3, பிறகு 5.3, பிறகு 3.9, பிறகு 2.8. இதற்கிடையில் அடுத்த மதகு வந்துவிடும்.

இப்போது பிளேட் போடும் வைத்தியத்தைப் பார்க்கலாம். ஸ்பிறிங்கை விறைப்பாக்கினால் துள்ளல் நிற்கும் என்பது நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. விறைப்பான ஸ்பிறிங்கை அடக்க வலுவான ஷொக் வேண்டும். ஏற்கெனவே போன ஷொக்கை வைத்துக்கொண்டு ஸ்பிறிங்கின் விறைப்பை நாலில் ஒரு பங்கு கூட்டினால், அடக்கும் தகவு பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பாரம் கூடினாலும் அதே கதைதான். ஒரே ஷொக்குக்கு அடக்கவேண்டிய சுமை பெரிதாகிறது. ஆகவே ஆட்கள் கூட ஏறினால் துள்ளல் கூடும் என்பதில் மெக்கானிக் பிழை விடவில்லை. அதற்குப் பிளேட் மருந்து என்பதிலேதான் பிழை.

இன்னொரு கேடும் உண்டு. மனித உடம்பின் அதிர்வுத் தாங்குதிறனைச் சர்வதேச நியமம் ஒன்று அளந்து வைத்திருக்கிறது. இருந்த இருக்கையில் மேலும் கீழுமாக விநாடிக்கு 4 முதல் 8 தரம் அதிர்வதுதான் மனிதனுக்கு மிக உபாதை. பிளேட்டுக்கு மேல் பிளேட் அடுக்கி, கடற்காற்றில் அவை துருவால் ஒன்றோடொன்று இறுகிவிட்டால் ஸ்பிறிங் வேலை செய்வதை நிறுத்திவிடும். அதன்பின் வாகனம் ஆடுவது ரயரின் மேல், விநாடிக்கு மூன்று நாலு தரம். கன்றுத் துள்ளலிலிருந்து தப்பி, முதுகெலும்பு வெறுக்கிற எல்லையின் வாசலில் குடிபுகுந்தாயிற்று. முழுக்க ஸ்பிறிங் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று அறிய ஆவல் உள்ளவர்கள் நெடுந்தீவுக்குப் போய் லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஒரு சுற்று வரலாம். அங்கே துள்ளல் கிடையாது. கிடைப்பது இடி. வழியில் நிற்கும் மட்டக்குதிரைகள் அதே தரையில் ஒரு குலுக்கலும் இல்லாமல் ஓடுவதைப் பெட்டியிலிருந்து பார்க்கும்போது, நாலு காலும் நல்ல ஷொக்கும் இறைவன் கொடுத்த வரம் என்று தோன்றும்.

வரலாற்றுச் சான்றுகளுக்கு வருவோம். பழைய ஒஸ்ரினும் மொறிஸும் யாழ்ப்பாணத்தில் இத்தனை காலம் ஓடியதற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. 1977வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, பெற்றோல் வராது. சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடு ஏறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற வித்தையைக் குடாநாடு அப்போது கற்றுக்கொண்டது. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதைச் சகித்துக்கொண்டன. புதிய எஞ்சின்கள் மறுத்தன. ஆக, கிழடுகள் பிழைத்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. மாற்றுவதைக் காட்டிலும் திருத்துவதே இந்த நாட்டின் வாகனத் தத்துவமாகிப் போனதில் வியப்பில்லை.

1952 முதல் 1954 வரை வந்த ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற்றை எடுத்துக்கொள்வோம். முன்னுக்குச் சுருள் ஸ்பிறிங், பின்னுக்குப் பிளேட். இன்றைய குழாய் ஷொக் அதில் இல்லை. வார்ப்பு உலோகப் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு கை நீண்டிருக்கும். கை ஆட, உள்ளே பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். முன்பக்கத்தில் அந்தக் கையே சில்லைப் பிடிக்கிற மேற்கையுமாகும். ஆகவே அது தேய்ந்தால் வாகனம் துள்ளுவதோடு நிற்காமல் சில்லும் சாய்ந்து ஆடும். இந்த வகை ஷொக்கின் பெருமை, எண்ணெய் குறைந்தால் மூடியைக் கழற்றி ஊற்றலாம் என்பது. மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள புழுதியை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். துடைக்காமல் திறந்தால் மண்கும்பான் மணலில் ஒரு சிட்டிகை உள்ளே விழும். அதற்குப் பிறகு எத்தனை போத்தல் எண்ணெய் ஊற்றினாலும் பயனில்லை.

மொறிஸ் மைனர் இன்னொரு வகை. 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்து, 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார். பின்னுக்குப் பிளேட்தான், முன்னுக்குச் சுருளும் இல்லை, பிளேட்டும் இல்லை. காரின் நீளப்போக்கில் கிடக்கிற இரும்புத் தண்டு முறுகிக் கொடுப்பதே அதன் ஸ்பிறிங். வருடக்கணக்கில் சாரதி ஒருவரே பாரமாயிருந்த பக்கம் தாழ்ந்து போனால், தண்டின் பல்லை மாற்றிப் பூட்டி உயர்த்தலாம். இலங்கையின் தெற்கிலே 1990களில் இந்தக் காருக்குப் பாகங்கள் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பும் தொழில் தொடங்கியது என்பதையும் இங்கே பதிந்து வைக்கலாம். பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுத்தது இந்தத் தீவு.

முறுகும் தண்டு அருங்காட்சியகப் பொருள் என்று நினைக்க வேண்டாம். தீவகப் பாதையில் இன்றைக்கும் ஓடுகிற 'டொல்பின்' வான், அதாவது பழைய ரொயொட்டா ஹயஸ், முன்னுக்கு அதே தத்துவத்தில்தான் நிற்கிறது. தண்டின் ஒரு முனையில் ஒரு போல்ற் உண்டு. அதை முறுக்கினால் முன்பக்கம் உயரும். துள்ளுகிறது என்று போனால் "முன்னுக்குக் கொஞ்சம் ஏத்திவிட்டிருக்கு, இப்ப இறுக்கமா இருக்கும்" என்பார்கள். இந்த இடத்தில் ஆய்வாளன் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. போல்றை முறுக்கினால் உயரம் மாறும், விறைப்பு மாறாது. தண்டு அதே தண்டுதான். மாறுவது ஒன்று: சில்லு கீழே இறங்குவதற்கு இருந்த இடைவெளி குறைகிறது. ஆகவே கிடங்கில் சில்லு இறங்கப் பார்க்கும்போது மேற்கை றப்பர்த் தடையில் டங்கென்று முட்டும். பயணி அந்தச் சத்தத்தைக் கேட்டு, இறுக்கம் வந்துவிட்டது என்று திருப்திப்படுவார்.

வீதியைக் குற்றஞ்சாட்டும் கட்சிக்கும் நீதி செய்ய வேண்டும். கிரவல் வீதியில் குறுக்காக வரிவரியாக மேடு விழுவதைக் காணலாம். இந்த வரிகள் ஸ்பிறிங் துள்ளுவதால் பதிந்தவை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2007இல் கனடா, ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் சுழலும் மேசையில் மணலைப் பரப்பி, ஸ்பிறிங்கே இல்லாத சிறு சில்லை ஓடவிட்டுப் பார்த்தார்கள். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனதும் மணலில் வரி விழுந்தது. வரி விழுவதற்குத் துள்ளல் தேவையில்லை, வேகமே போதும். ஆகவே இந்த விடயத்தில் பழைய ஷொக்கோடு ஓடுகிறவர் மட்டும் வீதியைக் கெடுப்பவர் அல்லர். ஆனால் விழுந்த வரியில் அவர் படும் பாடு தனி. வரிகளுக்கிடையே முக்கால் மீற்றர் இருந்து வாகனம் 40இல் போனால், சில்லு விநாடிக்கு ஏறத்தாழ 15 தரம் உதைபடும். சில்லும் அச்சும் தம் இயல்பிலேயே விநாடிக்கு 10 முதல் 15 தரம் குதிக்க விரும்புபவை. ஷொக் அதைப் பிடித்து வைக்காவிட்டால் சில்லு நிலத்தில் நிற்கும் நேரம் குறைந்து, பிறேக்கும் ஸ்ரியறிங்கும் பெயரளவில் மட்டும் இருக்கும். துள்ளல் வெறும் சுகக்கேடு அல்ல என்பதற்கு இந்த ஓர் இடம் போதும்.

ஒரு பொய்க்குற்றச்சாட்டையும் தள்ளுபடி செய்யலாம். நெடுந்தீவுக்குப் போன குடும்பங்கள் திரும்பி வந்து "வானில வந்த குலுக்கலிலதான் பிள்ளை சத்தி எடுத்தது" என்பதுண்டு. மனிதனுக்குக் குமட்டலைத் தருவது மிக மெதுவான ஆட்டம்: ஐந்து விநாடிக்கு ஒரு தரம் என்ற அளவில். எந்த வானும், எவ்வளவு கெட்டிருந்தாலும், அவ்வளவு மெதுவாக ஆடாது. குறிகட்டுவானில் வடதாரகைப் படகில் ஏறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் அலையில் போவதே அந்த அளவுக்குப் பொருந்துகிறது. குற்றவாளி கடல். வான் இந்த ஒன்றில் நிரபராதி.

நோய் கண்டுபிடிக்கும் முறைகளில் ஊருக்கு நன்கு தெரிந்தது அழுத்திப் பார்ப்பது. வாகனத்தின் ஒரு மூலையில் இரு கையும் ஊன்றி, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தி, சட்டென்று விடவேண்டும். எழும்பி, ஒருமுறை இறங்கி நின்றால் நலம். இரண்டு மூன்று தரம் தலையாட்டினால் அந்த மூலையின் ஷொக் போய்விட்டது. சோதனை நல்லதுதான், ஆனால் அதை ஏமாற்றலாம். உள்ளே இறுகிப்போன ஷொக்கும், துருவால் இறுகிய பிளேட்டும் இந்தச் சோதனையில் முதற்பிரிவில் சித்தியடையும். அசையவே அசையாத ஒன்று அதிகம் ஆடாது அல்லவா. எனவே அழுத்தினால் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதைவிட நம்பத் தகுந்த சோதனை ஒன்று உண்டு, செலவும் இல்லை. ஒழுங்கை வழியே ஒரு கால்மணி நேரம் ஓடிவிட்டு, நிறுத்திய உடனே குனிந்து, நாலு ஷொக்கையும் ஒவ்வொன்றாக விரலால் தொட வேண்டும். புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் கவனமாக. வேலை செய்த ஷொக் இளஞ்சூடாக இருக்கும். ஆட்டத்தை அது சூடாக மாற்றியிருக்கிறது. மூன்று சூடாயிருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது முழு வழியும் வேலை செய்யாமல் வந்திருக்கிறது. பிறகு ரயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் சுற்றித் தடவ வேண்டும். ஒரே சீராகத் தேயாமல் குழிகுழியாகத் தேய்ந்திருந்தால், அந்தச் சில்லு நெடுநாளாகவே நிலத்தில் குதித்துக்கொண்டிருந்தது என்பது உறுதி. காற்று அளவுக்கு மேல் அடித்த ரயரும் துள்ளும் என்பதால், எதையும் கழற்றுவதற்கு முன் காற்றைப் பார்த்துவிடுவது புத்தி. ஒரு போல்றையும் தொடாமல் தீர்ந்த துள்ளல்களும் உண்டு.

திருத்தத்தில் மூன்று விடயம் மட்டும் சொல்லவேண்டியது. ஷொக்கைச் சோடியாக மாற்ற வேண்டும்; ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதும் இருந்தால் வாகனம் கிடங்கில் சரிந்து இறங்கும். பெட்டிக்குள் படுத்துக் கிடந்த புது ஷொக்கை நிமிர்த்திப் பிடித்து, பூட்டுமுன் நாலைந்து தரம் முழுக்க இழுத்து அமுக்க வேண்டும்; உள்ளே எண்ணெய்க்குள் புகுந்த காற்று அப்போதுதான் மேலே போகும். செய்யாமல் பூட்டினால் புது ஷொக்கும் முதல் மதகில் பழையதாக நடிக்கும், கடைக்காரர் ஏச்சு வாங்குவார்.

மூன்றாவதைத்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். றப்பர் புஷ் உள்ள போல்றுகளை வாகனம் ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக்கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வாகனம் நிலத்துக்கு வந்ததும் றப்பர் முறுகிய நிலையிலேயே நின்று, நாளாவட்டத்தில் கிழியும். சில்லு நிலத்தில் ஊன்றி, வழக்கமான பாரம் உள்ளே இருக்க, அப்போது கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இதற்கு ஆள் தேவை. லைடன் மரபில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வானைக் கராச்சுக் கிடங்கின் மேல் ஏற்றிவிட்டு, மரத்தடியில் நின்று அபிப்பிராயம் சொன்ன ஏழெட்டுப் பேரையும் உள்ளே ஏறி இருக்கச் சொல்வார் மெக்கானிக். "ஒருத்தரும் அசையாதையுங்கோ" என்று கீழேயிருந்து சத்தம் வரும். உள்ளேயிருந்து அபிப்பிராயம் தொடரும். ஸ்பனர் மூன்று தரம் டிக் என்னும்.

பிறகு உரிமையாளர் வானை எடுத்து, பக்கத்து மதகுவரை ஓடிப் போய்த் திரும்பி வருவார். ஒருமுறை தாழ்ந்தது, ஒருமுறை எழும்பியது, நின்றது. முகம் மலர்ந்திருக்கும். காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, கதவில் கை வைத்தபடி ஒரு கணம் நின்று கேட்பார்:

"அண்ணை, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் பின்னுக்கு ஒரு பிளேட்டும் கூடப் போட்டுவிட்டால் என்ன?"

"போடலாம் தம்பி. பிறகு துள்ளுது எண்டு என்னட்டை வரக்கூடாது."